பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஒரு கைகுலுக்கல்

துண்டுக்கடியில் நீண்ட தரகரின் கையை வெள்ளைக்காரத் துரை மாதிரி குலுக்கிவிட்டேன். என்னைவிடப் பெரிய மடையன் இன்று இந்தப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் இல்லை. இங்கே விரலைப் பிடித்துத்தான் மாட்டுக்கு விலை சொல்வார்கள். சின்ன வயதில் அப்பாவோடு வந்து எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! எங்கள் வீட்டுச் செவலையின் சாயலில் ஒரு காளை நிற்கவே, பழைய ஞாபகத்தில் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன். அதுதான் வினை.

"அஞ்சு விரலையும் புடிச்சிட்டாருங்க! மாடு இனி இவருதுங்க!" என்று கத்துகிறார் தரகர்.

மாட்டுக்காரர் வத்தல்மலை விவசாயி. விற்ற மாட்டோடு கயிற்றைக் கொடுப்பதில்லை என்பதால், காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே தன் கயிற்றை மெதுவாக அவிழ்க்கிறார்.

"மன்னிச்சுக்குங்க, நான் மதராஸ்ல வாத்தியாருங்க. மாடு வாங்க வரலைங்க" என்கிறேன்.

அவர் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டுகிறார்.

"நல்லதாப் போச்சுங்க."