தலைவரின் இடுப்பு வலி

எங்கள் தலைவருக்கு இடுப்பு வலி. திருவண்ணாமலை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிய அத்தனை பேருக்கும் இது தெரியும். பௌர்ணமிதோறும் அவர் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருவதும் தெரியும். பாதி வழியில் அடி அண்ணாமலையில் நின்றபடியே ஒரு டீ, அதோடு சரி, வேறெங்கும் உட்காரக்கூட மாட்டார். மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வேகன் வந்துவிட்டால் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். கேட்டால், சாமி காரியத்துக்கு இடுப்பு ஒத்துழைக்கிறது, ரயில்வே காரியத்துக்கு மறுக்கிறது, அதற்கு நான் என்ன செய்வது என்பார்.

நான் எங்கள் ஷெட் கூலிகளின் சங்கத்துக்குச் செயலாளர். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் அங்கே நான் ஒருவன்தான். மூட்டையும் தூக்குவேன், மனுவும் எழுதுவேன். கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு இரண்டு வேலை. மூன்றாவதாக ஒரு வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் சும்மாடு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மூட்டை தலையில் அழுத்தாமலிருக்கத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வோமே, அதுதான் சும்மாடு. காலையில் ஷெட்டுக்கு வருகிறவர் தன் சும்மாட்டைப் பிளாட்பார ஓரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் அதற்குப் பக்கத்தில் வைப்பார். வேகன் வந்ததும் துணி கிடக்கும் வரிசைப்படிதான் வேலை. யாரும் யாருடைய துணியையும் நகர்த்த மாட்டோம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வெட்டிக்கொண்டவர்கள்கூட அந்த வரிசையில் அடுத்தடுத்து துணியை வைத்துவிட்டு அமைதியாக நின்றிருக்கிறார்கள்.

அந்த வரிசையில் முதல் துணி எப்போதும் தலைவருடையது. வெள்ளை வெளேரென்று, இஸ்திரி மடிப்புக் கலையாமல் கிடக்கும். அவர் முறை வரும்போது இடுப்பு வலி வந்துவிடும். அந்த முறையை யாராவது தூக்க வேண்டுமே. தலைவருக்கு உதவியாக இருப்பது செயலாளரின் கடமை என்று அவரே ஒரு கூட்டத்தில் பேசி, அவரே கைதட்டி, அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார். ஆக, என் முறைக்கு ஒரு மூட்டை, அவர் முறைக்கு ஒரு மூட்டை. கூலியில் அவர் பங்கு அவருக்குப் போய்விடும். எட்டு வருடம் இப்படி ஓடியது.

ஏன் பொறுத்துக்கொண்டோம் என்றால், அவர் எங்களுக்காகக் கத்தினார். பெரிய பெரிய அதிகாரிகள் முன்னால் எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அங்கேதான் நாக்கே முளைக்கும். ஷெட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவரால்தான். கோடையில் நடுப்பகல் இரண்டு மணி நேரம் வேலை நிறுத்தி நிழலில் உட்காரலாம் என்றானதும் அவரால்தான். இதையெல்லாம் நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் அவருடைய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிரும்போது, அவர் நிழலில் காலை ஆட்டிக்கொண்டு தினத்தாள் படிப்பதைப் பார்த்தால், தண்ணீர்க் குழாய் எனக்கு ஞாபகம் வராது.

எண்பதுகளின் நடுவில் ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கறுப்பு வெள்ளை டி.வி. வந்தது. மெட்ராஸிலிருந்து படம் வர வேண்டும். கூரைமேல் ஒரு ஆள் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவான், கீழே இருபது பேர் யோசனை சொல்வோம். படம் தெளியவில்லை என்றால் மலை மறைக்கிறது என்பார்கள். மலை இருந்ததோ ஊருக்கு மேற்கே, மெட்ராஸ் இருந்ததோ கிழக்குப் பக்கம். இதை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். படிச்சவன்னா இப்படித்தான் பேசுவான் என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

அதில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தொடர் நாடகம் வந்தது. துறைமுகக் கூலிகளின் கதை. அவர்களுக்கு ஒரு சங்கத் தலைவன். பெரிய மீசை, தேன் ஒழுகும் பேச்சு, கையில் ஒரு கறை படாது. கப்பலில் வந்த மூட்டைகளைத் தூக்க இரும்புக் கிரேன் வருகிறது, வேலை குறைகிறது, தலைவனோ இவர்களிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறான். எங்கள் ஆட்கள் உச்சுக்கொட்டினார்கள். ஐயோ பாவம், கிரேன் வந்தால் அந்தப் பிள்ளைகுட்டிக்காரர்கள் எங்கே போவார்கள் என்று ஒருவர் கண்ணையே துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் கடை வாசலில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஷெட்டுக்கு வாரத்துக்கு ஒரு வேகன் வந்தாலே அதிசயம் என்றாகியிருந்தது. லாரி எல்லாம் நாலு நாள் பகட்டு என்று தலைவர் சொல்லியிருந்ததால் நாங்கள் துறைமுகத்துக்கு மட்டும் அழுதோம்.

தலைவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். இந்த மாதிரி ஆளுங்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று முதல் இரண்டு வாரம் கொதித்தார். மூன்றாவது வாரம் நாடகத்தில் ஒரு பெரிய கப்பல் வந்தது. ஆள் பற்றவில்லை, நீங்களும் ஒரு கை பிடிங்க தலைவரே என்று ஒரு கூலி கூப்பிடுகிறான். மீசைக்காரன் மெல்ல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டான்.

டீக்கடையில் எல்லோர் முகமும் முன் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. முதலில் சிரித்தது கூரைமேல் இருந்தவன்தான். அவனுக்குப் படமே தெரியாது, எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. பிறகு எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தலைவர் என்னை உட்கார வைத்து டி.வி. நிலையத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதச் சொன்னார். தொழிற்சங்கத் தலைவர்களை, குறிப்பாக உண்மையிலேயே இடுப்பு வலியால் அவதிப்படும் தலைவர்களை, அந்த நாடகம் இழிவு செய்கிறது என்று மூன்று பக்கம். பதில் வந்தது. நிகழ்ச்சியைப் பாராட்டி எழுதியதற்கு நன்றி என்று அச்சடித்த கார்டு. அவர் அதைப் படித்துவிட்டு, பயந்துட்டானுங்க என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி வாரம் மீசைக்காரன் அகப்பட்டுக்கொள்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வரும்போது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்ன ஆனது என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சங்கக் கூட்டம் கூடியது என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். எங்களில் சிவப்புத் துண்டுக்காரர் ஒருவர் இருந்தார், வாய் கொஞ்சம் நீளம். அவர் எழுந்து, அந்தக் கதைதான் முடியவில்லை, நம் கதையையாவது முடிப்போம் என்றார். அடுத்த வேகனில் தலைவர் தன் முறையைத் தானே தூக்க வேண்டும், இல்லையென்றால் பதவியை விட வேண்டும். இதுதான் தீர்மானம். ஆதரித்து முதலில் கை தூக்கியது நான். எட்டு வருடக் கோபம், கை தானாக எழுந்துவிட்டது. தீர்மானத்தை நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதியதும் நான்தான்.

தலைவர் வேகன் வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

வேகன்தான் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். காலையில் துணிகள் வரிசையாகக் கிடக்கும், மத்தியானம் அவரவர் எடுத்துக்கொண்டு போவோம். வியாபாரிகளைப் பார்த்துப் பேசி வேகன் பிடித்து வர வேண்டியது தலைவர் வேலை. பிடித்து வந்தால் அவரே தூக்க வேண்டும். எந்த மடையன் பிடித்து வருவான் என்று சிவப்புத் துண்டுக்காரர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். எங்கள் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை தலைவர் என்னைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு பெரிய வேர்க்கடலை வியாபாரி. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். குடோன் வாசலில் மல்லாட்டை மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவர் தொழிலாளியின் வயிறு, குழந்தைகளின் பசி என்று தன் வழக்கமான சொற்பொழிவை எடுத்துவிட்டார். வியாபாரி கொட்டாவி விட்டார். லாரி வீட்டு வாசலுக்கே வருகிறது, நான் ஏன் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமா, இப்போ இடுப்பு எப்படிக்கீது?" என்றார். நாடகமும் பார்த்திருக்கிறார், எங்கள் ஊர்க் கதையும் கேட்டிருக்கிறார்.

தலைவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது எழுந்து போய்விடுவார் என்று நான் பையை எடுத்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு வேகன் குடுங்க மொதலாளி. நானே தூக்குறேன். நீங்க வந்து நின்னு வேடிக்கை பாருங்க."

வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வேடிக்கைக்காகவே ஒரு வேகன் பதிவு செய்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் யோசித்துப் பார்த்தேன். அவர் தப்பிக்க ஒரு சுலபமான வழி இருந்தது. இரண்டாவது மூட்டையில் தள்ளாடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் போதும். வலி நிஜம் என்றாகிவிடும். தீர்மானம் போட்ட நாங்கள்தான் பாவிகள், அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். அதைத்தான் செய்யப் போகிறார் என்று சிவப்புத் துண்டுக்காரரிடம் நான் அடித்துச் சொன்னேன்.

வேகன் வந்த அன்று ஷெட்டில் திருவிழாக் கூட்டம். டீக்கடைக்காரர் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். வியாபாரி காரில் வந்து இறங்கினார். ஸ்டேஷன் மாஸ்டரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். தலைவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இஸ்திரி கலையாத அந்தத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்தார். நானும் இன்னொருவரும் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டோம்.

அவர் நடந்தார். பலகைமேல் கால் பிசகாமல் ஏறினார், வேகனுக்குள் மூட்டையை அடுக்கினார், இறங்கி வந்தார். இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை. தள்ளாடுவார் தள்ளாடுவார் என்று நான் காத்திருந்தேன். பத்தாவதுக்குக் கூட்டம் கைதட்டியது. இருபதாவதுக்கு எங்களில் பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம், அவர் நிற்கவில்லை. அவ்வளவு அழகாக மூட்டை தூக்குகிற ஒருவரை நான் அந்த ஷெட்டில் பார்த்ததே இல்லை. கைதட்டல் மெல்ல மெல்ல நின்றது. சிவப்புத் துண்டுக்காரர்தான் அதை வாய்விட்டுச் சொன்னார், அழுகிற குரலில். "இவருக்கு இடுப்பே வலிக்கலபா."

கடைசி மூட்டையை அடுக்கிவிட்டு இறங்கி வந்த தலைவர் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோட்டை எடுக்கச் சொன்னார்.

"எழுதிக்கோ செயலாளரே. எட்டு வருசமா வலி இல்ல. மூட்டை தூக்குற கையோட போனா ஆபீசருங்க யோவ்ன்றாங்க. சலவைச் சட்டையில போனா வாங்கன்றாங்க. மொதல்ல உங்களுக்காகத்தான் சட்டையக் கழட்டல. அப்புறம் எனக்கே அது நல்லா இருந்துச்சு."

அவர் வியாபாரியிடம் திரும்பி, அடுத்த வேகன் எப்போது என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வியாபாரி காரில் ஏறினார். அவர் பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது.

அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்குவதா என்று அன்று சாயங்காலமே பேசினோம். சொன்னதைச் செய்துவிட்டார், ஆனால் பொய்யும் சொல்லியிருக்கிறார். தீர்மானத்தில் இதற்கு வழி எழுதவில்லை என்று என்னைத்தான் திட்டினார்கள். முடிவு எடுக்காமலே கலைந்தோம்.

மறுநாள் காலை நான் போனபோது வரிசையின் முதல் இடத்தில் சிவப்புத் துண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் வந்தார். பழுப்பேறிய பனியன், தோளில் நேற்றைய அழுக்குத் துணி. நேராகக் கடைசிக்குப் போய், என் துணிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். எட்டு வருடம் நான் சுமந்ததற்கு அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே உன் முறையயும் நான்தான் தூக்குவேன். எட்டு வருசத்துக்கு."

அதற்கப்புறம் அந்த ஷெட்டுக்கு வேகனே வரவில்லை. அடுத்த வருடம் நான் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன், கையெழுத்து நன்றாக இருந்ததால்தான். மலையைச் சுற்றும்போது எப்போதாவது அவரைப் பார்ப்பேன். என்னைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். நான் சிரித்துவிடுவேன். பிறகு என் தோளில் தொங்கும் பையைக் கேட்காமலே வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அடி அண்ணாமலை வரைக்கும் சுமந்து வருவார்.