அக்காவின் தலை

பதினெட்டு வயதில் நான் குடித்தது சாராயம்கூட இல்லை. மதுவிலக்கு இருந்த காலம். ராயபுரத்தில் ஒரு மேசை நாற்காலிப் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை எனக்கு. மரத்துக்குப் பூச வைத்திருந்த, ஸ்பிரிட் கலந்த வார்னிஷைத்தான் குடித்தேன். சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

எங்கள் தெருவில் குடிகாரனுக்கு ஒரே வைத்தியம் சத்தியம். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, அக்காவின் தலையில் என் கையை எடுத்து வைத்தாள் அம்மா. அப்பா இல்லாத வீடு. காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டையில் விற்று எங்களுக்குச் சோறு போட்டவள் அக்கா. "இனிமே தொட மாட்டேன்" என்றேன். அழுதேன் வேறு.

அந்த வாரம் தாண்டவில்லை, குடித்துவிட்டேன். கொஞ்ச நாளில் அக்கா டைபாய்டில் படுத்தாள்.

"அவ தல மேல சத்தியம் பண்ணிட்டு குட்ச்சிட்டு வந்து நிக்கிற. அவளயே துன்னுட்டியேடா, பாவி!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நானும் அதை நம்பினேன். காசிமேட்டுக்கு ஓடி, மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே கிடந்தேன். அக்கா பிழைத்தாளா என்று யாரையும் கேட்கத் தைரியமில்லை. அந்தத் தைரியத்துக்காகவும் குடித்தேன். நல்ல வைத்தியம்தான்!

ஒரு காலை, மீன் ஏலம் முடிந்த நேரம், யாரோ காலால் தட்டி எழுப்பினார்கள். அக்கா. முக்காடு காற்றில் விலகியது. காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி மண்டை தெரிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"எந்திரிடா. தெருவுல பாதி பேருக்கு காச்சலு. அவங்க தல மேல எல்லாம் எவன் கை வச்சான்?" என்றாள். "இனிமே சத்தியம் கித்தியம் ஒண்ணும் வோணாம். டெய்லி சாயங்காலம் கேப்பேன், குட்ச்சியா இல்லியான்னு. உள்ளத சொல்லு, அவ்ளோதான்."

அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். சொன்னபடியே தினமும் கேட்டாள். "குட்ச்சேன்" என்று சொல்வேன். திட்டமாட்டாள், சோறு போடுவாள். அம்மாவின் வசவே தேவலை என்றிருக்கும் எனக்கு.

ஒருநாள் வாயில் வார்னிஷ் நாற்றத்தோடு, "இல்லக்கா" என்றேன். தட்டை வைத்தாள். மீனில் முள் எடுத்து, குழந்தைக்குப் போடுவதுபோல என் பக்கம் தள்ளினாள். பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன்.

"குட்ச்சேன்க்கா."

"தெரியும். துன்னு."

மறுநாள் மாலையும் கேட்டாள். முக்காடு இல்லை. தலையில் முடி கட்டையாக முளைத்திருந்தது. அதைப் பார்த்தபடி "இல்ல" என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் நான் முதல்முறையாக உண்மையாகச் சொன்னது அன்றுதான்.