பதினாலுக்குப் பதினாலு

எழுபதுகளின் கடைசியில் குவைத்திலிருந்து லீவில் வந்த மாமா ஒரு டி.வி. பெட்டி கொண்டுவந்தார். வேலந்தாவளம் வட்டாரத்துக்கே அதுதான் முதல் டி.வி. என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி கொண்டுவந்ததாயிற்றே, அவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்.

அந்தப் பெட்டியில் இரண்டு சங்கடங்கள் இருந்தன. எங்கள் பக்கத்துக்கு அப்போது எந்த ஒளிபரப்பும் எட்டாது. திருகினால் எறும்புக் கூட்டம்போல் புள்ளிகள் ஊரும், இரைச்சல் வரும், அவ்வளவுதான். இன்னொன்று, மாமாவின் வீட்டில் கரண்டே கிடையாது. ஆகவே, கிணற்று மோட்டாருக்காகக் கரண்ட் வாங்கியிருந்த எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்து சேர்ந்தது. அதன் பின்னால் தினமும் மத்தியானம் மாமாவும் வந்து சேர்ந்தார்.

டி.வி.க்குப் பிழைப்பு கொடுத்தது கூட வந்த ஒரு விளையாட்டுப் பெட்டிதான். அதை இணைத்தால் கறுப்புத் திரையில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு தெரியும். அவைதான் மட்டைகள். நடுவே ஒரு சதுரப் பந்து 'டொக், டொக்' என்று போய் வரும். ஆளுக்கொரு குமிழைத் திருகி மட்டையை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். முதலில் பதினைந்து எடுப்பவர் ஜெயித்தவர்.

டி.வி.யின் பிளக் எங்கள் சுவர்த் துளைகளுக்குள் போகவில்லை. அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் அதை வெட்டி எறிந்தார். ஒயர் முனைகளைச் சுரண்டித் துளைக்குள் விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்கினார். குச்சி அடிக்கடி நழுவும். சுவிட்சை அணைத்துவிட்டுப் புதுக் குச்சி சொருகும் வேலையைப் பத்து வயதுப் பெண்ணான நான் யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டேன். மாமா என்னை இஞ்சினியரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு வோல்டேஜ். அக்கம்பக்கத்தில் யாராவது மோட்டார் போட்டால் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் நெளியும். எந்தத் திசையில் மோட்டார் இரைகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டு, ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதும் என் இலாகாதான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நிறுத்துவார்கள். அப்பா மட்டும் மசியமாட்டார்.

"உன்ற மாமன் பந்தடிக்கறதுக்கு என்ற கடலக்காச் செடி காயோணுமா?" என்பார்.

அப்பா முதல் ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் தோற்றிருந்தார். கோபம் கடலைச் செடியைப் பற்றியது மட்டுமல்ல.

மாமாவின் கையில் ஒரு வாட்ச் இருந்தது. முள் கிடையாது. பொத்தானை அமுக்கினால் சிவப்பாக எண் எரியும். தன்னை ஜெயிப்பவர்களுக்கு அதைக் கழற்றிக் கொடுப்பதாக மாமா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் எனக்கு எட்டுப் புள்ளிக்கு மேல் வரவே இல்லை.

ஆகவே அத்தையைப் பிடித்தேன். அப்பாவின் கடைசித் தங்கை அவள், பக்கத்துச் சித்தூரில் காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காலையில் நானும் அவளும் ஆடிப் பழகுவோம். அவள் மாமாவை ஜெயித்தால் வாட்ச் எனக்கு. இதுதான் ஒப்பந்தம். பந்து மட்டையின் நடுவில் பட்டால் நேராகப் போகும், நுனியில் பட்டால் சரிந்து பாயும் என்பதை இரண்டாம் நாளே அத்தை கண்டுபிடித்துவிட்டாள். பிறகு என்னை மண்ணைக் கவ்வ வைத்தாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வாட்ச் என் கையில் எரிவதைக் கனவு கண்டேன்.

மாமாவும் அத்தையும் மத்தியானங்களில் ஆடுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து புள்ளி சொல்வேன். அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் என் வழியாகத்தான் போகும்.

"உங்கத்தைய நிதானமா ஆடச் சொல்லு கண்ணு."

"உன்ற மாமன மொதல்ல பந்தப் பாக்கச் சொல்லு."

என்னைத் தோற்கடிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரியான அத்தை, மாமாவிடம் பதின்மூன்றிலும் பதினாலிலும் தடுக்கி விழுந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. குமிழ் லூசாக இருக்கும் என்று நினைத்து இடம் மாற்றி உட்கார வைத்துப் பார்த்தேன். அப்போது மாமா தடுக்கினார். ஆனால் கடைசியில் எப்படியோ அவர்தான் ஜெயித்தார். அத்தைக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நடுவே, லீவு முடிவதற்குள் மாமாவுக்கு நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்று பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போய்ப் பூ வைப்பதாக ஏற்பாடு. நம் வீட்டிலேயே ஒரு பெண் இருக்கிறதே என்று அம்மா ஒருமுறை ஆரம்பித்தாள். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"பொண்ணெடுத்த ஊட்டுலயே பொண்ணக் குடுத்தா, ஒரு ஊட்டுச் சண்ட ரெண்டு ஊட்டுக்கும் பரவும். அது நமக்கு ஆகாது."

அன்று அத்தை என்னிடம் பதினைந்துக்கு மூன்று என்று தோற்றாள். என் ஆட்டம் முன்னேறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கவலையெல்லாம், பூ வைத்த கையோடு மாமா டி.வி.யைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவாரே என்பதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி ஆட்டம். பதினாலுக்குப் பதினாலு. அடுத்த பந்தில் வாட்ச் என்னுடையது. பந்து நாலைந்து தடவை போய் வந்தது. திடீரென்று திரை இருண்டுவிட்டது.

"மோட்டார் போட்டுட்டாங்களாட்ட இருக்குது. ஓடு கண்ணு, நிறுத்தச் சொல்லிட்டு வா," என்றாள் சுவரோரம் இருந்த அத்தை.

வெயிலில் வரப்புமேல் விழுந்தடித்து ஓடினேன். மோட்டார் போட்டால் படம் சுருங்கும், அணையாது. இதுகூட அப்போது இஞ்சினியரம்மாவுக்கு உறைக்கவில்லை. எங்கள் மோட்டார் சும்மா கிடந்தது. அப்பா தென்னை நிழலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்திலும் சத்தமில்லை. காற்றில் ஓலைதான் அசைந்தது.

திரும்பி ஓடிவந்தபோது திரை இருட்டாகவே இருந்தது. வாட்ச் அத்தையின் கையில் தொளதொளவென்று தொங்கியது.

"நீங்கதானுங்க ஜெயிச்சீங்க," என்று மாமா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. நீங்கதான்," என்றாள் அத்தை.

"டி.வி.யே ஓடாதப்ப யாரு ஜெயிச்சா?" என்று கேட்டேன். நான் வந்ததையே அப்போதுதான் பார்த்தார்கள். என் வாட்ச் எங்கே என்று கேட்டேன். வேறு எது வேண்டுமானாலும் கேள், தருகிறேன் என்றாள் அத்தை.

மறுநாள் பொள்ளாச்சிக்கு வண்டி போகவில்லை. அம்மா அடுப்பு மூட்டவில்லை. மாமா வந்து அப்பா முன்னால் நின்று, "ஏனுங்க மச்சான், சண்டை வராம நான் பாத்துக்கறனுங்க," என்றாராம். அப்பா முதலில் கத்தினார், பிறகு கடலைக் காட்டுக்குப் போனார், பசியோடு திரும்பி வந்து சரி என்றார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை.

வியாழக்கிழமை எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுவரில் ஒயர் கழன்று தொங்கியது. தீக்குச்சி அத்தையின் விரல்களுக்கு இடையில் இருந்தது. அதைத் தொலைக்காமல் எடுத்து வைத்திருந்ததற்காக அவளைப் பாராட்டினேன். சுவிட்சை அணைத்து, ஒயரைச் சொருகி, குச்சியை அழுத்தி இறுக்கினேன். திரை வெளிச்சமானது. புள்ளி இரண்டு பக்கமும் பூஜ்யம் என்று காட்டியது.

"மொதல்லருந்து ஆடுங்க," என்று சொல்லிவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த என் இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அம்மா வாசலிலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவே இல்லை.