நானா வைத்த நான்கு தகடுகள்

ஒரு மனிதர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் செய்து வைத்திருந்த வேலையைக் கெடுத்தேன். பழி அவர் தலையில் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. இளமை என்று சொல்லித் தப்ப முடியாது.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து அதிபராக ஓய்வு பெற்றவன் நான். பலாங்கொடைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் நான்தான். கோயிலுக்கு ஒரு பழைய ஜீப் உண்டு. மற்ற நாட்களில் நோயாளிகளை டவுனுக்கு இறக்கும். திருவிழாவன்று அம்மனைப் பின்னால் வைத்துக்கொண்டு தோட்டத்தின் உச்சியிலுள்ள மேல் டிவிசன் வரை ஏறும்.

அந்த வருடம் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அதன் என்ஜின் சூடேறிப் படுத்துவிட்டது. டவுனில் கராஜ் வைத்திருக்கும் நானா வந்தார். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். ஆனாலும் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் மெக்கானிக் பாஸ் என்றால் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன்தான். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோய், சூட்டில் வளைந்த அடிப்பக்கத்தைச் சீவி வந்தார். ஏற்கெனவே இரண்டு தரம் சீவியிருந்த ஹெட் அது.

"சேர், ஹெட் தேஞ்சு கீழ எறங்கிட்டு. ஆனா புஷ் ரொட் பழைய நீளத்திலயேதான் ஈக்கி. அதான் கஷ்டம்" என்றார்.

புஷ் ரொட் என்பது பென்சிலைவிடச் சற்று நீண்ட ஓர் இரும்புக் குச்சி. அதன் கீழ் முனை லிஃப்டர் என்ற சிறு குப்பியில் நிற்கும். மேல் முனை ரொக்கர் என்ற கையைத் தள்ள, அந்தக் கை வால்வைத் திறக்கும். லிஃப்டருக்குள் எண்ணெயும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. குச்சி அதை ஒரு மில்லிமீற்றர் போல மெல்ல அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அமுக்காவிட்டால் என்ஜின் தட்டும். மிதமிஞ்சி அமுக்கினால் வால்வு மூடாது, என்ஜின் உயிர் பிடிக்காது. இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும்.

நானா ஒரு பழைய குச்சியை இரண்டாக வெட்டி, நடுவே மரை போட்டு, திருகினால் நீளவும் குறுகவும் செய்கிற மாதிரி ஆக்கினார். அதை உள்ளே நிறுத்தி, ஆட்டம் நிற்கும் வரை திருகி, வெளியே எடுத்து வேர்ணியர் அளவுகோலால் அளந்தார். நான் வேர்ணியரை வாங்கிப் பார்த்து, அவர் வாசித்தது சரிதான் என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

"குச்சியக் குட்டையாக்க ஏலாட்டி ரொக்கரத் தூக்கிரணும்" என்று, பழைய வாள் தகட்டில் நான்கு துண்டு வெட்டி ரொக்கரைத் தாங்கும் கால்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

எனக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. என் பாடசாலையில் ஆடாத மேசை கிடையாது. பிள்ளைகள் கொப்பித் தாளை மடித்து மேசைக் காலுக்குக் கீழே சொருகுவார்கள். அதற்காக எத்தனையோ பேரை முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். அந்த முட்டுக்கொடுக்கும் வேலையை அம்மனின் ஜீப்பிலா செய்வது?

திருவிழா நாளான வெள்ளிக்கிழமை மதியம் அவர் கையைக் கழுவினார். "ஜும்ஆவுக்குப் பெய்த்து வாறேன் சேர். கவர மூடுறதுதான் பாக்கி. ஒண்ணும் தொட்டுராதீங்க."

ஆய்வுகூடத்தில் ஒன்றையும் தொடாதே என்று இரண்டு தலைமுறைக்குச் சொன்னவன் தொட்டேன். ஆணிகளைத் தளர்த்தி நான்கு தகடுகளையும் உருவினேன். திரும்ப இறுக்கிக் கவரையும் மூடினேன். தகடுகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டேன். பெரிய தவறு ஒன்றைத் திருத்தியதாகவே நினைத்தேன்.

நானா வந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் விர்ரென்று சுற்றியது. ஒரு தும்மல்கூட இல்லை. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். அம்மன் அலங்காரத்தோடு காத்திருந்தாள்.

"சேர், ஒரே ஒரு தரம் கவரத் தொறந்து பாக்கிறேனே."

திறந்தால் தகடு இல்லாதது தெரிந்துவிடும். "தொறந்தது போதும் நானா. நல்ல நேரம் போகுது" என்றேன்.

"மாட்டு வண்டிக்குக் கிரீஸ் போடுற பாஸ கூட்டிட்டு வந்தா இப்பிடித்தான்" என்றான் என் பழைய மாணவன் ஒருவன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள். நானா ஸ்பானர்கள் கிடந்த ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

முப்பது பேர் ஜீப்பைத் தள்ளினார்கள். தலைவர் என்பதால் தலைப்பாகையோடு நான் ஸ்டியரிங் பிடித்தேன். வளைவுக்கு வளைவு "ஓம் சக்தி!" என்றார்கள், அடுத்த மூச்சில் நானாவைத் திட்டினார்கள். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு நெஞ்சைக் குத்தியது. மேல் டிவிசன் போய்ச் சேருமுன்பே நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. வாய்தான் திறக்கவில்லை.

அதோடு தோட்டத்து ஆட்டோக்கள் எல்லாம் வேறு கராஜுக்குப் போகத் தொடங்கின. மூன்று கிழமை தூக்கமில்லை. பௌர்ணமிப் பூசையில் மைக்கைப் பிடித்து, குற்றம் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கூட்டம் உருகிப்போனது.

"அந்த நானாவுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க. எங்க சேரு தங்கம்!" என்றார் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர். எனக்கு மாலை போட்டார்கள். நான் மறுக்க மறுக்க என் அடக்கத்தைப் புகழ்ந்தார்கள்.

மறுநாள் பஸ் ஏறி நானாவின் கராஜுக்குப் போய்த் தகடுகளை அவர் முன் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து விளிம்பை விரலால் தடவினார்.

"மாலையெல்லாம் போட்டாங்களாமே சேர்."

"ஆமா நானா."

"அப்ப ஞாயித்துக்கிழமை வாறேன். எல்லாரையும் கூப்பிடுங்க. நான் கையே வைக்க மாட்டேன். நீங்களே பூட்டிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றம் நிறைந்துவிட்டது. நானா ஒரு கதிரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் மட்கார்டில் முழங்கால் ஊன்றிக் குனிந்தேன்.

"சேர், எங்கள முட்டி போட வச்சீங்களே, இப்ப எப்பிடி இருக்கு?" என்றான் அந்த ஆட்டோக்காரன்.

முதலில் தகடு இல்லாமலே சாவியைத் திருப்பச் சொன்னார். விர். பிறகு கழற்றி, அளக்கும் குச்சியை நிறுத்தி, திருகி, அளந்தேன். என் முதல் அளவு பிழை. நானா வேர்ணியரை வாங்கிப் பார்த்து, பிழை என்று சத்தமாக அறிவித்தார். இரண்டாவதும் பிழை. நான்கு தகடும் அடியில் போய் ஆணி இறுகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் தட்டியது. எண்ணெய் ஏறியதும் சத்தம் அடங்கி ஓடத் தொடங்கியது.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆட்டோக்காரன்தான் முதலில் நானாவிடம் போனான். "நானா, அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க. நாளைக்கு நம்ம ஆட்டோவையும் ஒருக்கா பாருங்க."

"சரி, கொண்டு வாங்க" என்றார் நானா.

இப்போது தோட்டத்து வண்டிகள் அவரிடமே போகின்றன. கோயிலுக்குத் தலைவர் வேறொருவர். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை, விலகியபோது தடுக்கவும் இல்லை. ஜீப் பார்க்க வந்தால் நானா தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் தேத்தண்ணி குடிப்பார், சிரிப்பார். என் வீட்டில் மட்டும், "இப்பத்தான் குடிச்சேன் சேர்" என்பார். போன மாதமும் ஊற்றி வைத்தேன். ஆறியபின் நானே குடித்தேன்.