ஞாயிற்றுக்கிழமைத் தயிர்

ஞாயிறு காலையில் யோகராஜ் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தன் வயிற்றோடு பேசுவான். "எழும்புங்கப்பா, சாப்பாடு வந்திருச்சு. நேத்து செத்தவங்க போக மிச்சப் பேரு வாங்க."

குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருப்பதும், அவற்றுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை உண்டென்பதும் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டவை. இளவயதில் சாராயத்தை ஒரே நாளில் மொத்தமாகக் குடித்தால் குடல், மூளை இரண்டும் கெடும் என்றும் அதே காணொளி சொன்னது. தயிர் நல்லது என்ற இடத்தோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

வயது இருபத்து மூன்று. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அக்குறணையில் பஹ்மி முதலாளியின் த்ரீவீல் ஆட்டோ உதிரிப்பாகக் கடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் சாராயத்தைத் தொடமாட்டான். சனி மாலை உட்கார்ந்தால் போத்தல் கவிழும்வரை எழும்பமாட்டான். "குடிகாரனுக்குத் தெனமும் வேணும். எனக்கு ஆறு நாளைக்கும் சேர்த்து ஒரே நாள்ல வேணும், அவ்வளவுதான்."

கடையில் ஐந்நூறு பெட்டிகள்; ஒன்றிலும் பெயர் கிடையாது. எல்லாம் யோகராஜின் தலைக்குள். கலகெதரவில் திறக்கவிருக்கும் புதுக் கடையை அந்தத் தலையை நம்பித்தான் முதலாளி அவனிடம் விடுவதாக இருந்தார்.

போன திங்கட்கிழமை ஒருவர் கிளட்ச் கேபிள் கேட்டார். ஏணியில் ஏறினான். உச்சிக்குப் போனதும் எதற்கு ஏறினோம் என்பது மறந்துபோயிற்று. வெறுங்கையோடு இறங்கினால் மானம் போகும். பெட்டிகளைத் தூசி தட்டத் தொடங்கினான்.

"மேல ஏறி என்னத்தடா தேடுற?" என்றார் முதலாளி.

"தூசி, முதலாளி."

"கஸ்டமர் கேட்டது தூசியா?"

வாடிக்கையாளர் சிரித்தார். "வயித்துக்குள்ள இருக்கிறவங்க மேலுக்குத் தகவல் அனுப்பல்ல," என்று யோகராஜும் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு கலகெதரவுக்கு வா. புதுக் கடையில சாமான் அடுக்குற வேல ஈக்கிது. தெளிஞ்ச தலையோட வந்தா சாவி ஒனக்கு. இல்லாட்டி என்ட மச்சான் நஸீபுக்கு."

சனி மாலை, கடை மூடும் நேரம், குடிக்கூட்டாளி ஒருவன் கைப்பேசியில் அழைத்தான். "எங்கடா நிக்கிற? கோழி பொரிஞ்சிருச்சு."

"இன்னைக்கு ஏலாது மச்சான்."

"ஏன், ஒன் வயித்துக்காரங்க வேணாங்கிறாங்களா?"

"அவங்க வேணுங்கிறாங்கடா. அதான் பயமா இருக்கு."

பேசி வைத்த மறுகணமே கைப்பேசி மீண்டும் அடித்தது. யோகராஜ் அதைக் கடை பூட்டிக்கொண்டிருந்த முதலாளியின் கையில் திணித்தான். "நாளைக்குக் காலையில தாங்க." அது அங்கேயும் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைகளுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டான்.