ஜூலியின் ஒருசந்தி

நாய் சோறு தின்னாது என்ற செய்தியை எங்கள் தெருவில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. காரைக்குடியில் நாங்கள் பார்த்த நாய்களெல்லாம் கிடைத்ததைத் தின்று, கிடைக்காத நாளில் சைக்கிளில் போகிறவரைத் துரத்திக் காலம் தள்ளியவை. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பிரம்புக் கூடைக்குள் படுத்துக்கொண்டு, குன்னூரிலிருந்து வந்து சேர்ந்தது ஜூலி.

கொண்டுவந்தவர் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டம் ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துத் துரை வீட்டு நாய் போட்ட குட்டிகளில் இதுதான் கடைசி. வெள்ளை வெளேரென்ற சடைநாய்க் குட்டி. முகத்தில் முடிக்கு நடுவே மூன்று கறுப்புப் புள்ளி இருந்தால் அதில் இரண்டு கண், ஒன்று மூக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அப்பா பள்ளி ஆசிரியர். மாதா கோயில் காரியங்களில் மிகவும் கண்டிப்பானவர். குட்டியைப் பார்த்ததும் அவருக்கு வந்த முதல் சந்தேகம் பெயரைப் பற்றியது.

“ஞானஸ்நானப் பேரைப் போயி நாய்க்கு வைக்கலாமா மாப்ளே?”

“நான் வைக்கல மச்சான். வரும்போதே அந்தப் பேரோடதான் வந்துச்சு” என்றார் மாமா.

அப்பா கடைசிவரை அதை ஜூலி என்று கூப்பிடவில்லை. அது என்றே சொன்னார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அம்மா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பியிருந்தாள். தம்பிப் பாப்பா பிறந்தான், சம்மனசாகிவிட்டான் என்று அப்பா என்னிடம் சொன்னார். சம்மனசு என்றால் எங்கள் கோயில் பீடத்துக்கு மேலே இறக்கையோடு நிற்கும் தேவதூதன். பிறந்த உடனே தம்பிக்கு நல்ல இடமாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்து, நான் அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டேன். நான்காம் வகுப்பு படிக்கிறவளுக்கு அவ்வளவுதான் எட்டியது. என் கவனம் முழுவதும் ஜூலியின் மேல் இருந்தது.

ஜூலி சாப்பிடவில்லை. சோற்றைத் தட்டில் வைத்தால் முகர்ந்து பார்க்கும். பிறகு ஏதோ சொல்லக்கூடாத வார்த்தையைக் காதில் கேட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். மாமா கொண்டுவந்த பிஸ்கட் தீர்ந்ததும் அதன் உபவாசம் தொடங்கியது. அதற்குத் தோதாகத் தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் விபூதிப் புதனும் வந்தது.

எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் கவிச்சி வாசமே கிடையாது. கறி, மீன், முட்டை எல்லாம் ஈஸ்டருக்குத்தான். பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், அதாவது நாளுக்கு ஒருவேளைதான் முழுச் சாப்பாடு. அம்மா அதையும் மிஞ்சினாள். காலையில் காப்பித் தண்ணி, மத்தியானம் இரண்டு வாய், அத்தோடு சரி. கோயிலில் பெண்கள் அம்மாவைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். இந்தப் பங்கிலேயே இப்படி ஒருசந்தி இருக்க ஆளில்லை என்று அப்பாவும் பெருமையாகச் சொன்னார். புனித வாரம் வரும்போது அம்மாவுக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன்.

நாய்க்கு ஏது தவக்காலம் என்று நான் கேட்டதற்கு, இந்த வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் உண்டு என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே பருப்புச் சோறு, மோர்ச் சோறு, பால் சோறு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். என் இட்லியைப் பிட்டு வைத்தேன். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து என் தட்டுச் சோற்றில் நெய் இருக்கிற பக்கத்தை அதற்குத் தள்ளினேன். அது நெய்யை மட்டும் நக்கிவிட்டு என்னைப் பார்க்கும். எதிர்த்த பெரிய வீட்டு ஆச்சி பால் பணியாரம் கொடுத்தனுப்பினார்கள். அதையும் ஒரு நக்கு நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆச்சி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, “எங்க வீட்டு மாப்பிள்ளைக கூட மறுவீட்டு விருந்துல இம்புட்டு முறுக்குனதில்லையே!” என்றார்கள்.

நான் விடுவதாக இல்லை. அடம் என்பது எங்கள் அம்மா வழிச் சொத்து. எனக்கு முழுப் பங்கும் வந்திருந்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். பக்கத்து வீட்டு ஆசாரி மாமா பட்டறையிலிருந்து ஒரு பலகைத் துண்டு வாங்கிவந்து, தட்டு நகராதபடி மேடை செய்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முடிக்குள் கையை விட்டால் குட்டியின் விலா எலும்பு தட்டுப்பட்டது. அது செத்துப்போய்விடுமோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து கூடையைப் பார்த்தேன்.

தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் மாமா லாரியோடு ராமநாதபுரம் போகிற வழியில் வீட்டுக்கு வந்தார். கூடையைக் கூடப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனார். அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசினார். அம்மா ஒற்றைச் சொல்லாகப் பதில் சொல்வது எனக்கு வெளியே கேட்டது. கிளம்பும்போது என்னை லாரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அவர் முகம் சரியாக இல்லை. ஜூலியின் நிலைமையைப் பார்த்து அவருக்கும் வருத்தம் என்று நான் நினைத்தேன்.

“இங்க பாரு. ஈஸ்டருக்கு நான் திரும்ப வருவேன். அதுக்குள்ள குட்டி தேறலைன்னா கூடையோட தூக்கிட்டுப் போயிருவேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

“இது தனியாத் திங்கிற சாதி இல்ல தாயி. வீட்டுல பெரிய பொம்பளை யாரோ அவுக பக்கத்துல உக்காந்து வயிறு நிறையச் சாப்பிடணும். அதப் பாத்தாத்தான் இது வாய் வைக்கும். மூணு வேளையும், நேரந் தவறாம. நான் சொன்னேன்னு மட்டும் அக்காகிட்ட சொல்லாத.”

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு மாமா மேல் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் டைம்பீஸை எடுத்து அடுப்படி மாடத்தில் வைத்தேன். ஜூலியின் தட்டுக்குப் பக்கத்தில் மணைப் பலகையைப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னேன்.

“எனக்குப் பசிக்கலடி.”

“உனக்குப் பசிக்கலைன்னா என்ன? ஜூலிக்குப் பசிக்குது.”

“ஒருசந்திடி. மூணு வேளையும் திங்கக் கூடாது. பாவம்.”

ஒருசந்தியை முறிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். பாவமா, ஜூலியா? இந்த வழக்கைத் தீர்க்க ஒரே ஒருவரால்தான் முடியும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும், கோயிலுக்குப் பின்பக்கம் போய்ப் பங்குச் சாமியாரை மறித்துக்கொண்டு நின்றேன்.

“சாமி, ஒரு நாய் சாகக் கெடந்தா, அதுக்காக ஒருசந்திய முறிக்கலாமா?”

அவர் சிரித்தார். “யாரு ஒருசந்தி? நீயா?”

“அம்மா.”

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா காலையில் என்ன சாப்பிடுகிறாள், மத்தியானம் என்ன, ராத்திரி என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன்.

“பிள்ள பெத்த உடம்புக்கு ஒருசந்தி கடமையே இல்லம்மா. உங்கம்மா மூணு வேளையும் சாப்பிடணும்னு சாமி உத்தரவு போட்டாருன்னு வீட்டுல போயிச் சொல்லு. சத்தமாச் சொல்லு. உங்கப்பா காதுலயும் விழட்டும்.”

சாமியாருக்கு நாய் என்றால் இவ்வளவு பிரியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உத்தரவைத் தெருமுனையிலிருந்தே உச்சரித்துக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் நுழைந்ததும் உரக்கச் சொன்னேன்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதை மடித்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். தினமும் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல அது இல்லை. அம்மாவின் தோள்பட்டை எலும்பு ரவிக்கையை மீறித் துருத்திக்கொண்டிருந்ததை அவர் அன்றுதான் கண்டார் போலும். எழுந்து அடுப்படிக்குப் போனார். அப்பா அகப்பையைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாதிச் சோற்றைத் தரையில் சிந்தி, மீதியைத் தட்டில் போட்டு, அம்மாவின் முன்னால் வைத்தார்.

“சாப்பிடு” என்றார்.

ஆக, அப்பாவும் ஜூலி கட்சியில் சேர்ந்துவிட்டார். எனக்குப் பெரிய பலம் வந்தது போலிருந்தது.

அன்று அம்மா நாலு வாய் சாப்பிட்டாள். ஜூலி பார்த்துக்கொண்டே இருந்தது, வாய் வைக்கவில்லை. நான் அசரவில்லை. நேரம் முடிந்ததும் தட்டை எடுத்துவிட்டேன். இடையில் பணியாரம், நெய், இட்லி எதையும் அதற்குக் காட்டவில்லை. ஆச்சியிடமும் போய், இனிமேல் பலகாரம் கொடுத்தனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் டைம்பீஸ் அடித்ததும் மறுபடி மணை, மறுபடி அம்மா, மறுபடி ஜூலி. நான் எதிரே கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை அறையில் அப்பா நிற்பது போல நின்றேன்.

அம்மா ஒரு வாய் எடுத்தவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டை உருட்டி என் பக்கம் நீட்டினாள்.

“இது ரெண்டு பேரப் பாத்தாத்தான் திங்கும் போலடி. நீயும் உக்காரு. இந்தா, வாங்கிக்க.”

மாமா இப்படிச் சொல்லவில்லையே என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஆபத்துக்குப் பாவம் இல்லை. உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அம்மா தனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று மாற்றி மாற்றி உருட்டினாள். மூன்றாவது உருண்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஜூலி எழுந்து வந்தது. முகர்ந்தது. எங்கள் இருவர் வாயையும் பார்த்தது. பிறகு வெறும் பருப்புச் சோற்றை, துரை வீட்டுக் கேக்கைத் தின்பது போலத் தின்றது. நான் போட்ட கூச்சலில் ஆசாரி மாமா உளியோடு ஓடிவந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் டைம்பீஸ் வைத்ததுதான் சட்டம். மணி அடித்தால் மூன்று பேரும் அடுப்படியில் இருக்க வேண்டும். சில நாள் அம்மா வரமாட்டாள். கூடத்தில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுப்பேன். ஜூலி முந்தானையைக் கடித்து இழுக்கும். கொஞ்சம் பொறுத்து அவள் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வருவதற்குள் ஜூலியின் விலா எலும்பைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

ஈஸ்டரன்று மாமா வந்தார். நான் ஜூலியைக் குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டி, வாசலில் காத்திருந்தேன். அவர் அதைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போனார். அடுப்படியில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா உப்புப் பார்க்க ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். மாமா நிலைப்படியில் நின்று அதையே பார்த்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய குட்டியைத் தூக்கி, கனம் பார்க்கக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

என் கல்யாணத்தின்போதுதான் மாமா உண்மையைச் சொன்னார். அந்தச் சாதி, இந்தச் சாதி எல்லாம் அவர் லாரியில் ஏறுகிற நேரத்தில் இட்டுக்கட்டியது. அக்காவைச் சாப்பிட வைக்க வேறு வழி தெரியவில்லை. சொன்னால் கேட்கிற பிறவியும் இல்லை. அதனால் அவளைவிட அடக்காரி ஒருத்தியைப் பிடித்து ஏவிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். நான் உடனே அம்மாவிடம் ஓடினேன். இத்தனை வருஷம் கழித்து அவளை ஏமாற்றிய கதையை அவளிடமே சொல்லப் போகிற ஆனந்தம் எனக்கு.

அம்மா பாத்திரம் ஒழித்துக்கொண்டே கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“அவன் சொல்லிக் குடுத்ததுதான்னு நீ மணையைப் போட்டப்பவே எனக்குத் தெரியும். நாயப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?”

“தெரிஞ்சுமா உக்காந்து சாப்பிட்ட?”

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“நீ பாவாடைய ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டிக்கிட்டு என் முன்னாடி நின்ன. கன்னமெல்லாம் ஒட்டிப் போயி. உன் இட்லி, உன் சோறு எல்லாம் அது தட்டுல கெடந்து காஞ்சிருக்கு, வீட்டுல ஒருத்தரும் பாக்கல, நானும் பாக்கல. ஒரு பிள்ளைய ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன். இருக்கிற பிள்ளையையும் விடச் சொல்றியா?”

அந்த நாட்களில் எனக்குப் பசித்ததாகவே நினைவில்லை. நான் நாயின் தட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.