கதவோரத் தட்டு

எங்கள் பொம்மைப் பட்டறையின் சூளைக்குள் நல்ல இடம், கெட்ட இடம் என்று இரண்டு உண்டு. நடுத்தட்டில் சூடு சீராக ஏறி, சீராக இறங்கும். கதவோரத் தட்டு அப்படியல்ல. கதவைச் செங்கல் வைத்து அடைத்து எவ்வளவு மண் பூசினாலும், சூளை ஆறும்போது இடுக்கு வழியே காற்று புகுந்துவிடும். அங்கே இருக்கும் பொம்மைகளுக்குக் கழுத்திலும் காதிலும் விரிசல் விழும். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். எங்கள் மேனேஜருக்கும் தெரியும்.

யாருடைய பொம்மைப் பலகை எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். ஒவ்வொருவரும் தான் வார்த்த பொம்மையின் அடியில் ஆணியால் ஓர் அடையாளம் கீறுவோம். என்னுடையது இரண்டு கோடு. சூளை பிரித்ததும் விரிசல் கண்டவற்றை அடையாளம் பார்த்துப் பிரித்து, அவரவர் பெயரில் சேதமாக எழுதுவார்கள். சேதம் குறைந்தவர்களுக்குத்தான் பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால் இ.எஸ்.ஐ. அட்டை, அட்டை கிடைத்தால் என் அம்மாவின் மூச்சு இழுப்புக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது 1991 தையில். முதல் வருஷம் என் பலகை எல்லாத் தட்டுக்கும் மாறி மாறிப் போனது. அடுத்த பொங்கலுக்குப் பிறகு சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். மேனேஜருக்கு மாமியார் வூடு அந்த ஊர். அவள் பட்டறைக்குள் அவரை 'சார்' என்பாள், கேட்டைத் தாண்டினால் 'மாமா' என்பாள். அன்றிலிருந்து நடுத்தட்டு அவளுக்கு, கதவோரம் எனக்கு. வேலையில் அவள் மோசமில்லை, என்னைவிட ஒசத்தியும் இல்லை.

ஆடியில் ஒரு நாள் சூளை பிரித்தபோது என் பிள்ளையார்களில் பாதிக்கு மேல் காதறுந்து கிடந்தன. மேனேஜர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்குக் கைராசி இல்லம்மா. நான் என்னா பண்ணட்டும்? சாமியே காதப் பொத்திக்கினு ஓடுது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வெறும் வேடிக்கை இல்லை என்பது மறுவாரம் தெரிந்தது. புது அச்சு வந்து இறங்கியிருந்தது. நான் தூக்கப் போனேன். பேக்கிங் பார்க்கிற அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ இரு கண்ணு. மொத மொத வார்க்கப் போறாங்க. அவ தொடட்டும்."

அதற்குப் பிறகு சூளைக்குக் கற்பூரம் ஏற்றவும் என்னைக் கூப்பிடவில்லை. கோபத்தில் யாரும் இதைச் செய்யவில்லை, ஒரு பரிதாபத்தோடுதான் செய்தார்கள். டீ குடிக்கும்போது எனக்கு வடை வாங்கித் தருவார்கள், களிமண் கலக்கும் தொட்டியை மட்டும் தொடவிட மாட்டார்கள், நான் வார்க்க வேண்டியதை அவர்களே மொண்டு தருவார்கள். மெல்ல மெல்ல நானும் என் கையைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஆவணியில் சேத்தியாத்தோப்புக்காரிக்குக் கல்யாணம். லீவு போட்டுவிட்டுப் போனாள். அது கொலுவுக்குப் பொம்மை அனுப்பும் சமயம், ஆர்டர் நெருக்கியது. சூளை அடுக்குகிற பெரியவர் மேனேஜரிடம் போய், "நடுத்தட்டு காலியா இருக்குது சார், இந்தப் பொண்ணோடத வச்சிடட்டுமா?" என்று கேட்டார். போன் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் சரியென்று கையை ஆட்டினார்.

சூளை பிரித்த அன்று நான் அருகிலேயே நின்றேன். இரண்டு கோடு போட்ட பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. ஒன்றில்கூட விரிசல் இல்லை. பெரியவர் விரலால் தட்டினார். ஒவ்வொன்றும் மணிபோல் ஒலித்தது. பேக்கிங் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் வந்து நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணுகூடப் போவலியா?"

"இல்ல சார்."

"அப்ப கையில குத்தமில்ல."

"இல்ல சார். எடந்தான் சார் காரணம்."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பொம்மையைக் கீழே வைத்தார்.

"எடம்னா? நான் வச்ச எடத்துல குத்தங்கிறியா?" குரல் உயரவே இல்லை. "கையும் நல்லாத்தான் இருக்குது, வேலையும் தெரியுது. அப்ப இத்தன நாளும் ஒடஞ்சதெல்லாம் என்னா? வேணும்னே கழுத்துல மெலிசா வார்த்திருக்க. அவ லீவுல போனதும் ஒழுங்கா வார்த்துக் காட்டுற."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

அதுவரை நான் ராசியில்லாதவள், பாவம். அன்று முதல் திமிர் பிடித்தவள். வடை நின்றது. "பொறாம பிடிச்சவ, பிள்ளையார் காதையே அறுத்தவளாச்சே" என்று என் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டார். "நெசமாவே... வேணும்னுதான்... ஒடச்சியாடி?"

"இல்லம்மா."

"சரி. ஒடச்சேன்னே சொல்லிடு. மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்த கேளு. பெரிய மனுசங்க... கேட்டா... எறங்கி வருவாங்க."

இரண்டு இரவு அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"எதுக்கு?"

"வேணும்னுதான் பண்ணேன் சார். இனிமே பண்ண மாட்டேன்."

அவர் எழுந்து கதவைத் திறந்தார். "எல்லாரும் கொஞ்சம் வாங்கம்மா." வந்தார்கள். "இப்ப சொன்னத இவங்க முன்னாடி சொல்லு."

சொன்னேன்.

"பாத்தீங்களா? நான் என்னிக்காச்சும் யாரு மேலயாச்சும் வீண்பழி போட்டிருக்கனா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சூளைப் பக்கம் போனார்.

அன்று மாலையே ஆயுத பூஜை. அந்த வருஷம் அது முந்தின வருஷம்போல் தள்ளிப் போகாமல், புரட்டாசி நடுவிலேயே வந்தது. எல்லோருடைய சீவுகத்திக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூளை முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். என் கத்தி பலகைமேல் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. சேத்தியாத்தோப்புக்காரி புது மஞ்சள் கயிற்றோடு வந்து கற்பூரம் ஏற்றினாள். அவளுக்குப் பெர்மனென்ட் என்று மேனேஜர் சொன்னதும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தை பிறப்பதற்குள் அவள் புருஷன் ஊரோடு போய்விட்டாள் என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை.

பூஜை முடிந்ததும் மேனேஜர் எல்லோருக்கும் தன் கையாலேயே பொரிப் பொட்டலம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மன்னிப்பு கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னா குடுத்தாரு?"

"பொரி குடுத்தாரும்மா" என்று பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன்.